இரண்டு முறை கருகிய ஆம்ப்ளிஃபயர்

சென்ற மாதம் எங்கள் ரேடியோ நண்பர்களின் வாட்ஸாப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. ரெட்டியார்சத்திரத்தில் வீட்டு மாடியில் சி.பி. ரேடியோ வைத்து, சுற்றுவட்டார நண்பர்களோடு பேசிக்கொண்டிருக்கும் ஒருவர் கேட்டிருந்தார். "பேஸ் ஸ்டேஷனுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் போடலாம்னு இருக்கேன். வால்வா, டிரான்சிஸ்டரா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க." அரை மணி நேரத்தில் நாற்பது பதில்கள். வால்வுதான் ராஜா என்று பாதிப்பேர். வால்வெல்லாம் அருங்காட்சியகத்துக்கு என்று மீதிப்பேர். கடைசியில் ஒருவர் என்னைக் கோத்துவிட்டார். "ஆரோக்கியம் அண்ணன் காலம் பூரா இதுலதான கிடந்தாரு, அவரே சொல்லட்டும்."

எனக்குக் கேள்வியைப் பார்த்ததும் பதில் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. சி.பி. என்பது பொதுமக்கள் பேசிக்கொள்ள விட்டிருக்கும் இருபத்தேழு மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. ஐந்து வாட் வரைதான் லைசென்ஸ் இல்லாமல் பேசலாம். அதற்கு மேல் ஆம்ப்ளிஃபயர் போட்டு ஊதினால் சட்டப்படி தப்பு. இவர் தெரிந்து கேட்கிறாரா, தெரியாமல் கேட்கிறாரா? சரி, ஆன்டெனாவை ஒருமுறையாவது இறக்கிப் பார்த்தாரா? கேபிள் முனையில் மழைத்தண்ணீர் இறங்கி செம்பில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். அதை விட்டுவிட்டு ஆம்ப்ளிஃபயருக்கு அலைவார்கள். ஆம்ப்ளிஃபயர் போட்டால் நம் வாய்தான் பெரிதாகும், காது பெரிதாகாது. எதிராளி பேசுவது கேட்காதவனுக்கு ஆயிரம் வாட் எதற்கு?

இப்படி ஒரு வரிக் கேள்விக்கு நாலு சந்தேகம் எனக்கு வரும். "உங்களுக்குப் பொழுது விடிஞ்சதக்கூட சூரியன் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் நம்புவீக" என்பாள் என் மனைவி. தொழில் எனக்குக் கொடுத்த குணம் அது. அதனால் பல கருவிகள் பிழைத்தன. ஒரு மனிதன் பிழைப்பை இழக்கப் பார்த்தான். அதை இரண்டு வரியில் வாட்ஸாப்பில் எழுத முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்குச் சாணார்பட்டி பக்கம். கடலை போட்டு, மழை பொய்த்தால் வானத்தைப் பார்த்து உட்காரும் குடும்பம். ரேடியோ மெக்கானிக் படித்துவிட்டு, திண்டுக்கல்லில் ஒரு கடையில் வால்வு ரேடியோவும் திருவிழா மைக் செட்டும் ரிப்பேர் பார்த்தேன். அங்கிருந்து ஒரு தோட்டக் கம்பெனியில் வயர்லெஸ் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். பன்றிமலைப் பக்கம் காப்பியும் வாழையும் வைத்திருந்த கம்பெனி. இப்போது கைமாறிவிட்டது, பெயர் வேண்டாம். செல்போன் இல்லாத காலம். மலைக்குப் போகும் டெலிபோன் கம்பி தூறல் விழுந்தாலே அறுந்துவிடும். அதனால் திண்டுக்கல் அலுவலக மாடியில் ஒரு பேஸ் ஸ்டேஷன், மலை பங்களாவில் ஆம்ப்ளிஃபயரோடு ஒரு செட், கன்னிவாடி அடிவாரத்தில் நிற்கும் ஜீப்பில் ஒரு செட். சி.பி. செட்டு என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் கூடுதல் வாட்டுக்குக் கம்பெனி தனி லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தது. செட்டில் இருக்கும் நாலு வாட்டில் மட்டும் பேசினால் கன்னிவாடி ஜீப் வரை கூடச் சரியாகப் போகாது. நடுவில் நூல் மில்களின் மோட்டார் இரைச்சல், அப்புறம் மலையின் தோள். ஆம்ப்ளிஃபயர் இருந்தால்தான் பங்களாவில் குரல் கேட்கும்.

எனக்கு மேலே இருந்தவர் வேலுச்சாமி சார். ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கத்து மனிதர். அலுவலகத்தைக் கூட்டுகிற அம்மாவைக்கூட "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுவார். அவர் அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. ஆனாலும் அவர் மேஜைக்குப் போகும் முன் சொல்ல வேண்டியதை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வோம். என்ன சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "யாருங்க பாத்தது?" ஃபியூஸ் போய்விட்டது என்றால், யாருங்க பாத்தது? பேட்டரி சார்ஜ் ஆகிவிட்டது என்றால், யாருங்க பாத்தது? நான் பார்த்தேன் என்று சொன்னால் எழுதிக்கொள்வார். பார்த்திருக்க வேண்டும், ஆகியிருக்கும் என்று இழுத்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு நம் முகத்தையே பார்ப்பார். நாம் போய்ப் பார்த்துவிட்டு வரும் வரை அந்தப் பேனா திறக்காது.

பேஸ் ஸ்டேஷனில் இருந்தது வால்வு ஆம்ப்ளிஃபயர். 807 என்று எண் போட்ட இரண்டு வால்வு, பல்பு மாதிரி கண்ணாடிக் குழாய்கள், அறுநூறு வோல்ட்டில் ஓடும். போட்டதும் பேசிவிட முடியாது. உள்ளே இருக்கும் ஹீட்டர் சிவந்து சூடேற இரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும். பிறகு ஒரு கையால் மைக் பட்டனை அழுத்திக்கொண்டு, மறுகையால் குமிழைத் திருகி, மீட்டர் ஊசி சட்டென்று இறங்குகிற இடத்தில் நிறுத்த வேண்டும். வெயில் காலத்தில் ஒரு இடத்தில் இறங்கும், மழைக்காலத்தில் இன்னொரு இடத்தில். தொட்டால் தூக்கி எறியும். ஆனால் ஒரு நல்ல குணம் அதற்கு உண்டு. தப்புச் செய்தால் உடனே சாகாது. ஆன்டெனா இல்லாமல் ஒரு நொடி அழுத்திவிட்டாலும் உள்ளே தகடு லேசாகச் சிவக்கும், கையை எடுத்தால் பழையபடி ஆகிவிடும்.

டிரான்சிஸ்டர் அதற்கு நேர் எதிர். போட்ட உடனே பேசலாம். குமிழ் கிடையாது, ஹீட்டர் கிடையாது. ஷாக் பயமும் இல்லை, பன்னிரண்டு வோல்ட்தான். ஆனால் ஆன்டெனா இல்லாமல் அழுத்தினால், போகிற வழி இல்லாத சக்தி அதன் மேலேயே திரும்பி விழும். கண் சிமிட்டுவதற்குள் கதை முடிந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, புகைகூட வராது.

நல்ல 807 கிடைப்பது குதிரைக்கொம்பானபோது, மாற்றியே ஆகவேண்டும் என்று ஹெட் ஆபீஸ் சொன்னது. மதுரையிலிருந்து ஒரு விற்பனையாளர் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரோடு வந்தார். பெட்டியில் நூறு வாட் என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது. கூடவே ஒரு மீட்டரும் கொண்டுவந்திருந்தார். மாட்டி அழுத்தினார், ஊசி நூறில் போய் நின்றது. "பாத்துக்கிட்டீங்கள்ல சார்?" என்றார். வேலுச்சாமி சார் மீட்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"ஆரோக்கியம், அந்த எண்ணெய் டின்னை எடுத்துட்டு வாங்க."

அது அவர் சொந்தமாகச் செய்தது. ஒரு பிஸ்கட் டின்னில் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய், அதற்குள் கட்டுக் கட்டாகக் கார்பன் ரெசிஸ்டர்கள். ஆன்டெனாவுக்குப் பதிலாக அதை மாட்டினால் சக்தி முழுவதும் எண்ணெயில் சூடாக இறங்கும். முதலில் பேட்டரியிலிருந்து கணக்குத் தெரிந்த மின்சாரத்தை மூன்று நிமிடம் விட்டு, எண்ணெய் எத்தனை டிகிரி ஏறுகிறது என்று தெர்மாமீட்டரில் பார்த்தோம். ஆறவிட்டோம். பிறகு ஆம்ப்ளிஃபயரை மாட்டி அதே மூன்று நிமிடம். நான் கடிகாரம் பிடித்தேன், அவர் குனிந்து தெர்மாமீட்டரை வாசித்தார். நூறு வாட் ஐம்பத்தைந்தாக இறங்கிவிட்டது. விற்பனையாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "மீட்டருக்கு அவர் சம்பளம் கொடுக்கறாருங்க. எண்ணெய்க்கு யாரும் கொடுக்கறதில்ல" என்றார் சார்.

அன்று எனக்கு அவர் தெய்வமாகத் தெரிந்தார். எதையும் நம்பாதே, தோண்டிப் பார், பொய் வெளியே வரும். இதைத்தான் நான் அவரிடம் படித்தேன். அரைகுறையாகப் படித்திருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது.

ஐம்பத்தைந்து வாட் எங்களுக்குப் போதும். வால்வையே வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச காலம் தள்ளலாமா என்று சார் யோசித்தார். நான்தான் டிரான்சிஸ்டருக்கு வாதாடினேன். குமிழ் திருகத் தெரிய வேண்டாம், ஷாக் இல்லை, ஆபரேட்டருக்குச் சுலபம் என்று அடுக்கினேன். கடைசியில் அவர் ஒத்துக்கொண்டார்.

ஆபரேட்டர் காதர், பேகம்பூர்க்காரன். என்னைவிட நாலைந்து வயது சின்னவன். தினக்கூலியாகச் சேர்ந்து ஏழெட்டு வருடமாக அந்த மாடி அறையில் காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தான். வேலை நிரந்தரமாகும் பட்டியலில் அப்போதுதான் அவன் பெயர் ஏறியிருந்தது. புது ஆம்ப்ளிஃபயரை மாட்டிவிட்டு, பழைய வால்வுப் பெட்டியை நான் ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கியபோது அவன் குறுக்கே வந்தான்.

"அண்ணே, பழசு அது பாட்டுக்கு மூலைல கிடக்கட்டுமே. ஆத்திர அவசரத்துக்கு ஆகும்ல?"

"புதுசு இருக்கப்ப பழசு எதுக்கு?"

"இது கைக்குப் பழகிருச்சுண்ணே, அம்புட்டுத்தான்."

அதை அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னால் அதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்தது. ஒரு நாள் மத்தியானம் நல்ல இடி. மழை விட்டபின் காதர் கீழே வந்து ஆம்ப்ளிஃபயர் வேலை செய்யவில்லை என்றான். கழற்றிப் பார்த்தேன். கடைசியில் இருக்கும் ஜோடி டிரான்சிஸ்டர்கள் இரண்டும் செத்திருந்தன. மின்னல் என்று நினைத்துக்கொண்டு மாற்றிப் போட்டேன். சரியாக எட்டாம் நாள் மறுபடி இடி, மறுபடி மழை, மறுபடி அதே ஜோடி செத்தது.

இந்த முறை அது ஆம்ப்ளிஃபயரோடு போகவில்லை. அன்றைக்கு மலையில் வெட்டிய மரம் ஒன்று புரண்டு ஒரு தொழிலாளியின் காலில் விழுந்துவிட்டது. அடிவாரத்து ஜீப்பை மலையின் தோள் மறைப்பதால், பங்களாக்காரர் ஜீப் வேண்டும் என்று திண்டுக்கல்லைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். காதருக்கு அது கேட்டிருக்கிறது. பதில் சொன்னால் மலைக்கும் போகவில்லை, கன்னிவாடி ஜீப்புக்கும் போகவில்லை. அவன் தலைதெறிக்கப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, கன்னிவாடி பஸ் டிரைவர் கையில் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். ஜீப் மலையேற ஒன்றரை மணி நேரம் தாமதம். அந்த மனிதர் பிழைத்தார், ஆனால் பாதத்தில் பாதி போய்விட்டது.

நான் ஒர்க்‌ஷாப் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஆம்ப்ளிஃபயரைப் பிரித்தேன். மின்னல் ஆன்டெனா வழியாக இறங்கினால் தடம் விடும். கேபிள் முனை கருகும், ரிலே என்ற தானியங்கி சுவிட்சின் முனைகள் பொசுங்கும், ரிசீவர் செவிடாகும். இங்கே எல்லாம் பளிச்சென்று இருந்தன. ரிசீவர் மலையில் பேசியதைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தது? போதாததற்கு, இடி இடித்தால் காதர் ஆன்டெனா கேபிளைக் கழற்றி, முனையை ஒரு கண்ணாடி ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போட்டுவிடுவான். எங்கள் தொழிலில் அது பழைய வழக்கம். மின்னல் கேபிளில் இறங்கினாலும் மேஜைக்குத் தாவக் கூடாது என்று செய்வது. அன்றும் போட்டிருந்ததாக அவனே சொன்னான். கேபிள் பாட்டிலில் இருந்தால் மின்னல் எந்த வழியாக ஆம்ப்ளிஃபயருக்குள் வந்தது?

வழியே இல்லை. அப்படியானால் இது மின்னல் இல்லை, ஆன்டெனா இல்லாமல் யாரோ பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். அறையில் இருந்தது ஒரே ஆள். பழைய பெட்டி இங்கேயே கிடக்கட்டும் என்று சொன்னவன் அவன்தான். கைக்குப் பழகியது என்று சொன்னதும் அவன்தான். எனக்கு எல்லாம் பொருந்தி வந்தது. எண்ணெய் டின்னில் வாட்டைப் பிடித்த மாதிரி பொய்யைப் பிடித்துவிட்டேன் என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை.

காதரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கேபிள மாட்டாம பட்டன அமுக்குனியா?"

"ஆமாண்ணே."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையுந்தாண்ணே. எப்பவும் செய்யுறதுதான். நீங்க சொன்னபடிதான செஞ்சேன்?"

"நான் சொன்னேனா? ஏண்டா, செய்யுறதயும் செஞ்சுட்டு என் தலையில கட்டுறியா?"

அவன் விழித்தான். அந்த விழிப்பையும் நான் நடிப்பு என்றே நினைத்தேன். அன்றே அறிக்கை எழுதினேன். பழைய கருவியின் மேலுள்ள பற்றினால் புதிய கருவியை ஆபரேட்டர் வேண்டுமென்றே இருமுறை பழுதாக்கினார், கேட்டதற்கு ஒப்புக்கொண்டார் என்று எழுதி, சார் ஊரில் இல்லாததால் நேராக ஹெட் ஆபீஸுக்கே தபாலில் சேர்த்தேன். நாலாம் நாள் காதரை வேலைக்கு வர வேண்டாம் என்று உத்தரவு வந்தது. நிரந்தரப் பட்டியலிலிருந்து பெயரும் போயிற்று. அவன் அண்ணன் வேலை பார்த்த தோல் மண்டியில் மூட்டை தூக்கப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன்.

வேலுச்சாமி சார் திரும்பி வந்து அறிக்கையின் நகலைப் படித்தார். பேனாவை மூடி வைத்தார்.

"வேணும்னே செஞ்சார்ன்னு எழுதியிருக்கீங்க. யாருங்க பாத்தது?"

"அவனே ஒத்துக்கிட்டான் சார்."

"அமுக்குனதை ஒத்துக்கிட்டார். வேணும்னு செஞ்சதை யாருங்க பாத்தது?"

சார் அறிக்கையை மடித்து வைத்தார். "அவரை வரச் சொல்லுங்க, செஞ்சு காட்டட்டும்" என்றார்.

மறுநாள் காலை மாடி அறையில் மூன்று பேர் நின்றோம். காதர் சட்டையில் பச்சைத்தோல் வாடை வந்தது. அதை உணர்ந்து அவன் எங்களைவிட்டு இரண்டடி தள்ளியே நின்றான். மறுபடி கருகிவிடக் கூடாதென்று, நான் ஆம்ப்ளிஃபயரின் கரண்ட் வயரை உள்ளே கழற்றி வைத்திருந்தேன்.

"நாங்க ரெண்டு பேரும் இங்க இல்லைன்னு நினைச்சுக்குங்க" என்றார் சார். "இப்பத்தான் மழை விட்டிருக்குது. நீங்க என்ன செய்வீங்களோ, அப்படியே செய்ங்க."

காதர் கேபிளைக் கழற்றிப் பாட்டிலில் போட்டுக் காட்டினான். பிறகு சுவர் பக்கம் திரும்பினான். அங்கே ஒரு அட்டை, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி ஆணியில் தொங்கியது. அதில் விரலை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சத்தமாக வாசித்தான்.

"மழை விட்டதும் சுவிட்ச் போடவும். இரண்டு நிமிடம் பொறுக்கவும்."

சுவிட்சைப் போட்டான். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நின்றான். டிரான்சிஸ்டருக்கு எதற்கு இரண்டு நிமிடம்? உள்ளே சூடாக ஹீட்டரே கிடையாதே. இல்லாத ஒன்று சூடாவதற்காக அவன் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டு மரியாதையாக நின்றான்.

இரண்டு நிமிடம் முடிந்தது. விரல் அடுத்த வரிக்குப் போயிற்று.

"ஆன்டெனாவை மாட்டும் முன் மைக் பட்டனை ஒரு நொடி அழுத்தி மீட்டரைப் பார்க்கவும். ஊசி சரியாக நின்றால் மட்டும், அணைத்துவிட்டுக் கேபிளை மாட்டவும்." பட்டனை அழுத்தினான். எங்களைப் பார்த்தான். "ரெண்டு தடவையும் இங்கனதான் சார் ஊசி எந்திரிச்சு அப்படியே விழுந்துருச்சு. என்ன ஏதுன்னு எனக்கு வெளங்கல. கேக்குறதாச்சும் கேக்கட்டும்னு அத அணைச்சுட்டுக் கேபிள மாட்டுனேன்."

"இதை யாருங்க எழுதுனது?" என்றார் சார்.

"அண்ணந்தான்."

அட்டையின் அடியில் என் கையெழுத்து இருந்தது. வால்வு காலத்தில் ஒருமுறை ஒரு கண்டன்சர் கசிந்து, அறுநூறு வோல்ட் ஆன்டெனா கேபிளில் ஏறி, அதை மாட்டப் போன பழைய ஆபரேட்டரைத் தூக்கி அடித்தது. அதற்குப் பிறகு நான் யோசித்து எழுதிய முறை இது. முதலில் கேபிள் இல்லாமல் சோதி, நல்லது என்று தெரிந்தபின் மாட்டு. வால்வுக்கு அது உயிர் காக்கும் முறை. டிரான்சிஸ்டருக்குத் தூக்குக் கயிறு. பெட்டியை மாற்றிய நான் அட்டையை மாற்றவில்லை. ஆன்டெனா இல்லாமல் அழுத்தக் கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்து வந்த புத்தகத்தை நான் படித்துவிட்டு, என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டியிருந்தேன். அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்தேன்.

அந்த நிமிடத்தில்கூட என் புத்தி எங்கே போயிற்று என்பதைச் சொல்லிவிட வேண்டும். இவன் நேற்று ராத்திரி எங்கிருந்தோ தேடி எடுத்து மாட்டியிருப்பானோ என்று தோன்றியது. கிட்டே போய் அட்டையைத் தூக்கிப் பார்த்தேன். சுவரில் அது தொங்கிய இடம் மட்டும் வெளுக்காமல் பழைய நிறத்தில் கட்டம் கட்டியிருந்தது. ஆணி துருப்பிடித்திருந்தது. நான் எதைத் தேடுகிறேன் என்று காதருக்குப் புரிந்துவிட்டது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கீழே வந்ததும் சார் அறிக்கையின் நகலை என் முன்னால் வைத்தார். "நான் இதைத் திருத்த மாட்டேனுங்க. எழுதுன கைதான் திருத்தணும்."

அன்று முழுவதும் எழுதிக் கிழித்தேன். முதலில், "உரிய அறிவுறுத்தல்கள் வழங்கப்படாத காரணத்தால் பழுது நேர்ந்தது" என்று எழுதிக் கொண்டுபோனேன். சார் ஒரு வார்த்தை கேட்டார்: "யாரால?" திரும்பி வந்து, "தொழில்நுட்பப் பிரிவால்" என்று சேர்த்தேன். அவர் மறுபடியும் பேனாவை மூடி வைத்தார். அந்த மூடிய பேனாவைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்றாவது தாளில்தான் எழுத முடிந்தது: தவறு என்னுடையது, காதர் மைதீன் என் எழுத்துப்படி நடந்தார், மலைத் தொழிலாளிக்கு ஜீப் தாமதமானதற்கும் நானே பொறுப்பு. அதைப் படித்துவிட்டு அவர் கீழே கையெழுத்துப் போட்டார். நான் எதிர்பார்த்தது ஒரு திட்டு. அவர் சொன்னதோ, "நானும் அந்த ரூமுக்குப் பத்துத் தடவை போயிருக்கேனுங்க. அந்த அட்டையை ஒரு தடவையும் படிக்கல" என்றுதான்.

எனக்கு மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன். காதர் மூன்று வாரத்தில் திரும்பினான். பட்டியலில் பெயர் மறுபடி ஏற மேலும் ஒரு வருடம் ஆயிற்று. நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே, அதுக்கென்ன" என்றான். டீ சொன்னான். குடித்தோம். பாதம் போனவரைப் பார்க்க மலைக்கு ஒருமுறை போனேன். என் தப்பு என்று சொன்னேன். அவருக்கு ஆம்ப்ளிஃபயரும் புரியவில்லை, அட்டையும் புரியவில்லை. "மரம் உருண்டதுக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்று எனக்கே ஆறுதல் சொல்லி அனுப்பினார். அது இன்னும் மோசமாக இருந்தது.

டிரான்சிஸ்டர் பெட்டியைத்தான் வைத்துக்கொண்டோம். கேபிள் மாட்டாமல் அழுத்தினால் வேலையே செய்யாதபடி உள்ளே ஒரு ரிலே போட்டேன். வால்வுப் பெட்டியையும் அதே அறை மூலையில் கொண்டுவந்து வைத்தேன். புது அட்டை எழுதினேன். அதை மாட்டப் போனபோது காதர் ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டினான்.

"அண்ணே, இதுலயும் ஒருக்கா எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுருங்க."

போட்டேன். அன்றைக்கு மட்டும் இல்லை. அதற்குப் பிறகு நான் வாயால் சொன்ன எதையும் அவன் செய்ததில்லை. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்று என்றால் நோட்டு வரும். அலைவரிசையை மாற்று என்றால் நோட்டு வரும். மற்றவர்கள் சொன்னால் உடனே செய்வான், எனக்கு மட்டும்தான் நோட்டு. முகத்தில் கோபம் இருக்காது, குரலில் குத்தல் இருக்காது. ரம்ஜானுக்கு என் வீட்டுக்குப் பிரியாணி வரும், கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டுக்குக் கேக் போகும். என் மகள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறினான். மறுநாள் அலுவலகத்தில், ஃபேனை ஆஃப் பண்ணு என்றதற்கு நோட்டை எடுத்துவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். ஊரையே சந்தேகப்பட்ட எனக்கு, பக்கத்திலேயே ஒருத்தன் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருப்பது எப்படி இருக்கும் என்று வருடக்கணக்காகப் பார்க்கக் கிடைத்தது.

வேலுச்சாமி சார் எனக்கு முன்பே ஓய்வுபெற்று ஒட்டன்சத்திரம் போய்விட்டார். நான் ஓய்வுபெற்ற நாளில் மாலை போட்டு, லட்டு கொடுத்து, பேசி முடித்த பிறகு, மாடி அறைக்குக் கடைசியாக ஒருமுறை போனேன். காதர் ஹெட்ஃபோனை இறக்கிவிட்டு எழுந்து நின்றான். ஆன்டெனா கம்பத்தின் கீழ்க்கட்டு ஒன்று தளர்ந்திருந்தது. நாளைக்கு ஆள் வைத்து இறுக்கச் சொல்லிவிடு என்றேன். அவன் கை தானாக நோட்டுக்குப் போயிற்று. எத்தனையாவது நோட்டோ அது.

"இன்னைக்குமாடா?" என்றேன். "நாளையிலருந்து நான் யாரோ. இன்னுமா எம்மேல சந்தேகம்?"

காதர் பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினான்.

"சந்தேகமெல்லாம் இல்லண்ணே" என்றான். "உங்கள நம்பித்தான ரெண்டு தடவ கருக்குனேன்."

நான் கையெழுத்துப் போட்டேன்.